இன்கிரெடுலிட்டி என்னும் ஆங்கிலச் சொல்: பொருளும் ஆட்சியும், தமிழாக்கத்தில் எழும் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் நம்பாமையைக் குறிக்கும் சொற்களுள் ‘இன்கிரெடுலிட்டி’ ஒன்று. தமிழ்த் திறனாய்வு எழுத்துகளில் இதனை ‘அவநம்பிக்கை’ என்றும் ‘நம்பிக்கையின்மை’ என்றும் பெயர்க்கும் வழக்கு உள்ளது. இவ்விரு சொற்களும் மூலச்சொல்லின் பொருளை வேறு திசைக்குத் திருப்பிவிடுகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. சொல்லின் பிறப்பு, அதன் அண்டைச் சொற்கள், இலக்கியத்திலும் தத்துவத்திலும் சட்டத்திலும் அதன் ஆட்சி ஆகியவற்றை விளக்கி, தமிழில் ‘நம்பு’, ‘தேறு’ என்னும் வினைகளின் பொருட்பரப்போடு இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது.

திறவுச்சொற்கள்: நம்பாமை, அவநம்பிக்கை, தேறாமை, ஐயம், கலைச்சொல்லாக்கம், குறுந்தொகை, லியோதார்

முன்னுரை

இக்கட்டுரை எழுதப்படுவதற்கு ஒரு பிழை காரணமாயிற்று. எனது முனைவர் பட்ட ஆய்வின் முன்வரைவில், பின்நவீனத்துவம் குறித்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் பிரான்சுவா லியோதாரின் வரையறையைத் தமிழில் தந்திருந்தேன். ‘பெருங்கதையாடல்கள் மீதான அவநம்பிக்கை’ என்பது அதன் வடிவம். முன்வரைவைப் படித்த ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒருவர், “யார் மேல் அவநம்பிக்கை? கதை சொன்னவர் மேலா, கதையின் மேலா? அல்லது எதிர்காலத்தின் மேலா?” என்று வினவினார். விடை கூற இயலவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பில் இருந்த சொல் ‘இன்கிரெடுலிட்டி’ என்றேன். “அப்படியானால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?” என்று அவர் மீண்டும் கேட்டார். அகராதியில் பார்த்த பொருளைச் சொன்னேன். அது வினாவுக்கு விடையாகவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

அந்த வினாவை முன்வைத்து ஒரு சொல்லை மட்டும் பின்தொடர்வதே இக்கட்டுரையின் எல்லை. ஆங்கிலச் சொற்கள் எளிதில் படிக்கும்பொருட்டு இங்குத் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

சொல்லின் பிறப்பு

இன்கிரெடுலிட்டி இலத்தீன் வழிச் சொல். ‘கிரேதெரே’ என்னும் இலத்தீன் வினைக்கு நம்புதல் என்னும் பொருளோடு ஒப்படைத்தல், கடன் கொடுத்தல் என்னும் பொருள்களும் உண்டு. இதிலிருந்து கிளைத்த ஆங்கிலச் சொற்கள் பல. கடனைக் குறிக்கும் ‘கிரெடிட்’, சமயக் கொள்கை அறிக்கையைக் குறிக்கும் ‘கிரீட்’, தகுதிச் சான்றுகளைக் குறிக்கும் ‘கிரெடென்ஷியல்ஸ்’, நம்பத்தக்க தன்மையைக் குறிக்கும் ‘கிரெடிபிலிட்டி’ ஆகியவை ஒரே வேரின. வங்கியும் கோயிலும் ஒரே வினையில் வந்து கூடுவது நோக்கத்தக்கது.

இவ்வேர் நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. இலத்தீன் கிரேதெரேவும் வடமொழி ‘சிரத்தா’வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தைச் சேர்ந்தவை என்பது ஒப்பியல் மொழியியலார் ஏற்ற கருத்து. வடமொழியில் சமய நம்பிக்கையைக் குறித்த அச்சொல் தமிழில் ‘சிரத்தை’ எனப் புகுந்து, ஒரு செயலில் காட்டும் கருத்தூன்றலைக் குறிப்பதாயிற்று. அதன் எதிர்மறை ‘அசிரத்தை’. இன்றைய பொருள் கவனக்குறைவு. பிறப்பால் இன்கிரெடுலிட்டிக்கு உறவான ஒரு சொல் தமிழில் இருந்தும் அது மொழிபெயர்ப்புக்கு உதவாது. வேர்ச்சொல் ஆராய்ச்சி எங்கு நின்றுவிட வேண்டும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

‘கிரேதுலுஸ்’ என்னும் இலத்தீன் பெயரடை எளிதில் நம்பும் இயல்புடையவரைக் குறிக்கும். அதன் எதிர்மறை ‘இன்கிரேதுலுஸ்’. இவ்வடிவில் உள்ள ஈறு, ஒரு செயலை நோக்கிச் சாயும் மனப்போக்கைச் சுட்டுவது. ஆகவே நம்பிக்கை இல்லை என்னும் வெறுமையை விட, நம்புவதற்கு மனம் இணங்காத போக்கே இச்சொல்லின் உட்பொருள். பெயர்ச்சொல்லாகிய இன்கிரெடுலிட்டி பழைய பிரெஞ்சின் வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இடம்பெற்றது. ‘இன்கிரெடுலஸ்’ என்னும் பெயரடை அதற்கு அடுத்த நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது.

நம்பாதவரும் நம்பத்தகாததும்

ஆங்கிலம் கற்போர் மிகுதியாகத் தடுமாறும் இணை ‘இன்கிரெடுலஸ்’, ‘இன்கிரெடிபிள்’ என்பது. முன்னது நம்பாதவரைக் குறிக்கும். பின்னது நம்பத்தகாத செய்தியை அல்லது நிகழ்வைக் குறிக்கும். ஒருவர் கூறிய கதை இன்கிரெடிபிள். அதைக் கேட்டவர் இன்கிரெடுலஸ். கேட்டவரின் முகம், குரல், பார்வை, சிரிப்பு ஆகியவற்றுக்கும் இன்கிரெடுலஸ் அடையாகலாம், அவை அவருடைய மனநிலையைக் காட்டுவதால். தமிழ் இலக்கண நோக்கில் கூறினால், முன்னது வினைமுதலைச் சாரும், பின்னது செயப்படுபொருளைச் சாரும்.

இவ்வேறுபாடு தொன்றுதொட்டு நிலைபெற்றதன்று. இலத்தீனிலேயே ஔலுஸ் கெல்லியுஸ் என்னும் 2ஆம் நூற்றாண்டு எழுத்தாளர், நம்பத்தகாத செய்திகளுக்கு இன்கிரேதுலுஸ் என்னும் அடையைப் பயன்படுத்தியுள்ளார். ஷேக்ஸ்பியரிடம் இரு ஆட்சிகளும் காணப்படுகின்றன. ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் மல்வோலியோ தனக்குச் சாதகமாகத் தோன்றும் சூழலைப் பேசும் இடத்தில், நம்பத்தகாத என்னும் பொருளில் இன்கிரெடுலஸ் வருகிறது. ‘நான்காம் ஹென்றி’யின் இரண்டாம் பகுதியிலோ, தன் மனமாற்றத்தை நம்பாத உலகைக் குறிக்க இளவரசன் அதே சொல்லை ஆள்கிறான். இன்று முதல் ஆட்சி பிழையெனக் கொள்ளப்படும். மல்வோலியோ தன்னை மறந்து கற்பனையில் மிதக்கும் பாத்திரம் ஆதலால், அவன் வாயில் அச்சொல் வருவது வேண்டுமென்றே செய்த கேலியோ என எண்ணத் தோன்றும். ஆயினும் அக்கால வழக்கில் அப்பொருளும் இருந்தமையால் அவ்வாறு உறுதிகூறுவது மிகையாகும்.

இன்கிரெடிபிள் இன்று பெரும்பாலும் வலுவிழந்து, ‘மிகச் சிறந்த’ என்னும் பாராட்டாகத் தேய்ந்துவிட்டது. நம் விளம்பரங்களில் ‘நம்பமுடியாத விலை’ என்பதும் அவ்வாறே. விலையை யாரும் நம்பாமல் இருப்பதில்லை. இன்கிரெடுலஸ் அவ்வாறு தேயவில்லை. அச்சொல்லில் நம்பாமை இன்றும் உயிரோடு உள்ளது.

இன்கிரெடிபிளுக்கு உரிய மெய்ப்பாடு தொல்காப்பியம் கூறும் மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்கள். மருட்கையில் மனம் பொருளுக்கு ஆட்பட்டுவிடுகிறது. இன்கிரெடுலிட்டியில் மனம் ஆட்பட மறுக்கிறது. இரண்டிலும் விழி விரியலாம். ஆனால் இரண்டாவதில் தலை மெல்ல அசையும், ‘நெசமாவா?’ என்னும் வினா எழும். மெய்ப்பாட்டியல் தனியே எண்ணும் முப்பத்திரண்டனுள் ஐயமும் உண்டு. எனினும் இன்கிரெடுலிட்டியை ஐயத்தோடும் ஒன்றாக்க இயலாது. ஐயம் இரண்டு முடிவுகளுக்கு நடுவே ஊசலாடுவது. ‘குற்றியோ மகனோ’ என்பது நம் மரபின் நிலைத்த எடுத்துக்காட்டு. இன்கிரெடுலிட்டி ஊசலாடுவதில்லை, ‘அது இருக்காது’ என்னும் பக்கமாகச் சாய்ந்து நிற்பது.

அண்டைச் சொற்கள்

ஆங்கிலத்தில் இதே பரப்பில் மேலும் சில சொற்கள் உள்ளன. ‘அன்பிலீஃப்’ பழைய ஆங்கில அடிச்சொல்லோடு கூடியது; பெரிதும் சமயம் சார்ந்தது; நிலையானதொரு இருப்பைக் குறிப்பது. ‘டிஸ்பிலீஃப்’ 17ஆம் நூற்றாண்டில் வழக்கில் தோன்றியது. இலத்தீன் முன்னொட்டும் செருமானிய அடிச்சொல்லும் கூடிய கலப்புச் சொல் இது. ஒரு கூற்றைப் பொய்யெனத் தீர்மானித்து ஒதுக்குவது இதன் மையப் பொருள். ‘ஸ்கெப்டிசிசம்’ பழகிக்கொண்ட ஓர் அணுகுமுறை. இன்கிரெடுலிட்டி இவற்றுள் உணர்ச்சிக்கு மிக அருகில் நிற்பது. ஒரு கூற்றை எதிர்கொள்ளும் அக்கணத்தில் தோன்றுவது.

டிஸ்பிலீஃபுக்கு விந்தையான ஓர் ஆட்சியும் உண்டு. இறப்புச் செய்தி கேட்டவர் ‘டிஸ்பிலீஃபில்’ தலையசைத்தார் என்று ஆங்கிலத்தில் எழுதுவர். அவர் செய்தியைப் பொய்யென்று கருதவில்லை. மெய்யென அறிந்தே உள்ளார். மனம் ஏற்கவில்லை, அவ்வளவே. நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் ‘நம்ப முடியவில்லை’ என்று வருவதும் இதுவே. அறிவு நம்பியதை நெஞ்சு நம்பாத நிலை இது.

விவிலியத்தில் வரும் தோமாவின் நிகழ்ச்சி இச்சொற்களின் எல்லைகளை நன்கு காட்டுகிறது. உயிர்த்தெழுந்த இயேசுவைத் தான் கண்டு தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்கிறார் தோமா. அவரை நோக்கி இயேசு கூறும் இடத்தில் இலத்தீன் வுல்காத்தா ‘இன்கிரேதுலுஸ்’ என்னும் சொல்லை ஆள்கிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்போ ‘ஃபெய்த்லெஸ்’ என்கிறது. தமிழில் சீர்திருத்தச் சபையார் வழங்கும் பெயர்ப்பில் ‘அவிசுவாசி’ என வருகிறது. பிற்காலத்துத் திருவிவிலியம் ‘ஐயம்’ என்னும் சொல்லைத் தேர்ந்துள்ளது. கரவாஜியோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரில்தான் இன்கிரெடுலிட்டி நிற்கிறது. அவ்வோவியத்தில் தோமாவின் விரல் காயத்துக்குள் நுழைகிறது. யோவான் நற்செய்தி அவர் தொட்டதாக எங்கும் கூறவில்லை. அவிசுவாசி என்பது ஒருவரின் சமய நிலையைத் தீர்ப்பிடும் சொல். இன்கிரெடுலிட்டி, சான்று கேட்டு நிற்கும் அக்கண நேர மனத்தைக் காட்டும் சொல். மயிலாப்பூரிலும் பரங்கிமலையிலும் தோமாவின் பெயரைப் போற்றும் மரபினர் அவரை அவிசுவாசி என்று எண்ணுவதில்லை என்பதையும் இங்கு நினைக்கலாம்.

மேடையும் கவிதையும்

காண்போரின் நம்பாமையைக் கலைச்சிக்கலாக முதலில் பேசியவர்களுள் ஒருவர் உரோமானியக் கவிஞர் ஒராஸ். மேதேயா தன் மக்களை மேடையிலேயே கொல்லுதல், புரோக்னே பறவையாதல், காத்மஸ் பாம்பாதல் ஆகியவற்றைக் கண்முன் காட்ட வேண்டா என்று தம் கவிதைக்கலை நூலில் அறிவுறுத்துகிறார். அவ்வாறு காட்டினால் தாம் நம்பாதவராகி வெறுப்படைவதாகக் கூறும் இடத்தில் அவர் ஆள்வதும் இன்கிரேதுலுஸ் என்னும் சொல்லே. காதால் கேட்கும்போது ஏற்கும் மனம் கண்ணால் காணும்போது மறுக்கிறது என்பது அவர் நோக்கு. நம்பாமையும் வெறுப்பும் அங்கு இணைந்து வருவது கருதத்தக்கது.

கோல்ரிட்ஜ் 1817இல் வெளியிட்ட ‘பயோகிராஃபியா லிட்டரேரியா’வின் 14ஆம் இயலில், கவிதையைப் படிப்போர் தம் நம்பாமையைத் தாமே விரும்பிச் சிறிதுபொழுது நிறுத்திவைப்பதைப் பற்றிக் கூறுகிறார். 1798இல் வெளிவந்த ‘லிரிக்கல் பேலட்ஸ்’ தொகுப்பில் இயற்கையிறந்த நிகழ்ச்சிகளைப் பாடும் பொறுப்பு தமக்குரியதாக இருந்ததை விளக்கும்போது இக்கருத்து வருகிறது. அவர் இங்குத் தேர்ந்த சொல் டிஸ்பிலீஃப், இன்கிரெடுலிட்டி அன்று. இத்தேர்வு தற்செயலானதென எனக்குத் தோன்றவில்லை. தீர்மானம் ஒன்றை விரும்பி நிறுத்திவைக்கலாம். தானே எழும் உணர்ச்சியை அவ்வாறு ஒத்திவைக்க இயலாது. ஒராஸின் வெறுப்பு விரும்பி வந்ததன்று. கோல்ரிட்ஜின் வாசகர் செய்வது ஓர் இசைவு.

இத்தொடரை ‘நம்பிக்கையின்மையைக் கைவிடுதல்’ என்று தமிழாக்கினால் அது தன்னம்பிக்கை நூலொன்றின் தலைப்புப் போல ஒலிக்கும். கைவிடுதல் என்பதும் பொருந்தாது. கோல்ரிட்ஜ் கூறுவது தற்காலிக நிறுத்தம். ‘நம்பாமையை விரும்பி ஒத்திவைத்தல்’ என்பதே நெருங்கிய வடிவமாகலாம்.

தத்துவ விவாதங்களில் இச்சொல்லின் வேறொரு முகம் தெரிகிறது. அமெரிக்கத் தத்துவவியலார் டேவிட் லூயிஸ், நிகழக்கூடிய உலகங்கள் யாவும் நம் உலகைப் போன்றே மெய்யானவை என்று வாதிட்டவர். 1986இல் வெளியான ‘ஆன் த புளூராலிட்டி ஆஃப் வேர்ல்ட்ஸ்’ நூலில், தம் கொள்கைக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களோடு, வாதமே இல்லாத ‘இன்கிரெடுலஸ்’ பார்வையையும் அவர் ஓர் எதிர்ப்பாகக் கணக்கிடுகிறார். வாதத்துக்கு மறுப்புரைக்கலாம், பார்வைக்கு எதை உரைப்பது? அதே ஆண்டில் ரிச்சர்ட் டாக்கின்ஸ் ‘த பிளைண்ட் வாட்ச்மேக்கர்’ நூலில், கண் போன்ற உறுப்பு படிப்படியாகத் தோன்றியதை என்னால் நினைத்துப்பார்க்க இயலவில்லை, ஆகவே அது நிகழவில்லை என்னும் வகை வாதத்தைத் தனியாள் இன்கிரெடுலிட்டியிலிருந்து எழும் வாதம் எனச் சுட்டினார். இன்று தருக்கப் பிழைகளின் பட்டியல்களில் இது நிலையான இடம் பெற்றுள்ளது. ஆங்கிலத்தில் எளிதில் நம்புபவர் ஏமாளி. நம் பேச்சுவழக்கில் அவர் காதில் பூச்சுற்றலாம். அதற்காக நம்பாதவர் எப்போதும் அறிவாளி என்று ஆங்கில வழக்கு கொள்ளவில்லை என்பதை இவ்விரு ஆட்சிகளும் காட்டுகின்றன.

நம்பிக்கை என்னும் சொல்லின் அகலம்

சிக்கலின் தமிழ்ப்பக்கம் ‘நம்பிக்கை’ என்னும் சொல்லின் அகலத்தில் உள்ளது. மூடநம்பிக்கையில் அது ஒரு கருத்தை மெய்யெனக் கொள்ளுதல். நம்பிக்கைத் துரோகத்தில் ஒருவர்மேல் வைக்கும் பற்றுறுதி. ‘நம்பிக்கையூட்டும் தொடக்கம்’ என்னும்போது எதிர்காலம் பற்றிய எதிர்பார்ப்பு. தன்னம்பிக்கையில் துணிவு. சட்டமன்றத்தின் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசின்மீதுள்ள அரசியல் ஆதரவு. ஆங்கிலத்தில் இவற்றுக்கு நான்கைந்து சொற்கள் வேண்டும்.

இந்த அகலம் பழமையானது. தொல்காப்பிய உரியியல் நம்பு, மேவு ஆகிய இரு சொற்களும் நசைப்பொருள் உணர்த்துவன என்கிறது. விருப்பமே அச்சொல்லின் பழம்பொருள். விரும்பியதை எதிர்பார்த்தலும், எதிர்பார்ப்பதை உறுதியெனக் கொள்ளுதலும், உறுதி தந்தவரைச் சார்ந்திருத்தலும் அதிலிருந்து கிளைத்தன எனக் கருத இடமுண்டு. இலத்தீன் வேர் ஒப்படைத்தலிலிருந்து நம்புதலுக்கு வந்தது. தமிழ் வேர் விரும்புதலிலிருந்து நம்புதலுக்கு வந்தது. ஆகவே ஒரு மொழி தெளிவானது, மற்றொன்று குழப்பமானது என்று கொள்ளுதல் தவறு. இரு மொழிகளிலும் பொருள்கள் கலந்தே உள்ளன. கலக்கும் இடந்தான் வேறு.

நம்பிக்கை இவ்வளவு அகன்றதாயின் அதன் எதிர்மறைகளும் அகலும். ‘நம்பிக்கையின்மை’ என்றவுடன் சோர்வும் எதிர்காலம் பற்றிய இருளும் முன்வருகின்றன. ‘அவநம்பிக்கை’யில் உள்ள ‘அவ’ என்னும் முன்னொட்டு வெறும் எதிர்மறை அன்று. அவமானம், அவமதிப்பு, அவலட்சணம், அவப்பெயர் ஆகியவற்றில் அது இழிவையும் கேட்டையும் குறிக்கிறது. அவநம்பிக்கை கொண்டவர் பிறரைச் சந்தேகிப்பவர், அல்லது எதுவும் நன்றாக முடியாது என எண்ணுபவர். ஆங்கிலத்தில் ‘டிஸ்ட்ரஸ்ட்’, ‘பெசிமிசம்’ ஆகியவற்றுக்கு இது பொருந்தும். ‘நம்பாமை’ என்னும் எதிர்மறைத் தொழிற்பெயரோ இச்சுமைகள் இன்றி, ஒன்றை மெய்யென ஏற்காமையை மட்டும் குறிக்கிறது. டிஸ்பிலீஃபுக்கு நிகராக இதைக் கொள்ளத் தடையில்லை.

குறுந்தொகைத் தலைவி

நம்பாமை வேறு, அவநம்பிக்கை வேறு என்பதற்கு ஆங்கில எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. ஓதலாந்தையார் பாடிய குறுந்தொகை 21ஆம் பாடலில் கொன்றை பூத்துவிட்டது. கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிச் சென்ற தலைவன் வரவில்லை. காடே கார்காலம் வந்தது என்று கூறினாலும் தான் அதைத் தேறமாட்டேன் என்கிறாள் தலைவி. அவள் தரும் காரணம் ஒன்றே: அவர் பொய் சொல்லமாட்டார்.

இங்கு நிகழ்வது என்ன? கண்முன் உள்ள சான்றை அவள் நம்பவில்லை. தலைவனை அவள் நம்புவதே அதற்குக் காரணம். அவளிடம் அவநம்பிக்கை சிறிதும் இல்லை. நம்பிக்கை முற்றி நிற்பதனாலேயே நம்பாமை பிறக்கிறது. இந்நிலையை அவநம்பிக்கை என்னும் சொல்லால் விளக்கினால் பாடல் தலைகீழாகிவிடும். ஆங்கிலத்தில் இதனை விளக்கும் ஒருவர் தயக்கமின்றி அவளை இன்கிரெடுலஸ் என்று கூறலாம். அதே சூழலில் கொன்றையின் மேல் மடமையை ஏற்றிப் பேசும் தோழியின் கூற்று 66ஆம் பாடலில் வருகிறது. தோழியின் நம்பாமை தலைவியை ஆற்றுவிக்கும் உத்தி. அவள் உள்ளத்தில் அதுவே இருந்ததென உறுதியாகக் கூற இயலாது. 21ஆம் பாடலிலும்கூடத் தலைவி தன்னை ஆற்றிக்கொள்ளவே அவ்வாறு கூறுகிறாள் என்பது துறைக் குறிப்புத் தரும் விளக்கம். அவ்விளக்கத்தை ஏற்றாலும் அவள் தேர்ந்த சொல்லின் பொருள் மாறுவதில்லை.

அச்சொல் ‘தேறு’ என்பது. ஆராய்ந்து உறுதிகொள்ளுதல் அதன் பொருள். திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் தெளிவும் ஐயுறவும் எதிரெதிராக நிறுத்தப்படுவதும் இப்பொருட்பரப்பில் அடங்கும். நம்பு விருப்பத்திலிருந்து எழுந்தது போல, தேறும் தெளியும் அறிவின் பக்கம் நிற்கின்றன. எனவே ‘தேறாமை’ என்பதை இன்கிரெடுலிட்டிக்குக் கலைச்சொல்லாக்கலாம் என்று முதலில் எண்ணினேன். ஆனால் இன்று ‘தேறாதவன்’ என்றால் தேர்வில் தோற்றவன், அல்லது எதற்கும் உதவாதவன். ‘பெருங்கதையாடல்களைத் தேறாமை’ என்று எழுதினால் படிப்பவர் திகைப்பர். சங்க இலக்கிய ஆய்வில் அச்சொல்லை மீட்டுப் பயன்படுத்துவதில் தடையில்லை. பொதுத் திறனாய்வுக்கு வேறொன்று வேண்டும்.

‘நம்பமாட்டாமை’ என்னும் வடிவத்தை இங்கு முன்வைக்கிறேன். பழந்தமிழில் ‘மாட்டாமை’ இயலாமையைக் குறித்தது. இக்காலத்தில் ‘மாட்டேன்’ என்பது மறுப்பைக் குறிக்கிறது. நம்ப இயலாமையும் நம்ப மறுத்தலும் ஒரு சொல்லில் கூடுவது இன்கிரெடுலிட்டியின் இயல்புக்கு மிகவும் ஒத்துள்ளது. லூயிஸ் குறிப்பிட்டது ‘நம்பமாட்டாப் பார்வை’ எனில் பொருள் உடனே விளங்குகிறது. சொல் சற்று நீளமானது என்னும் குறை உண்டு.

லியோதாரின் வரையறை

முன்வரைவில் நேர்ந்த பிழைக்கு இனி வரலாம். கியூபெக் அரசின் பல்கலைக்கழக அவைக்காக அறிவின் நிலை குறித்து லியோதார் எழுதிய அறிக்கை 1979இல் பிரெஞ்சில் நூலாயிற்று. ஜெஃப் பென்னிங்டன், பிரையன் மசூமி ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1984இல் வெளிவந்தது. மிக எளிமைப்படுத்திச் சொல்வதாகக் குறிப்பிட்டே, பின்நவீனம் என்பதைப் பெருங்கதையாடல்கள் மீதான இன்கிரெடுலிட்டி என்று அவர் வரையறுக்கிறார். பிரெஞ்சு மூலத்திலும் அதே இலத்தீன் வழிச் சொல்லே உள்ளது.

இந்நிலை அறிவியல்களின் வளர்ச்சியால் விளைந்தது என்றும், அவ்வளர்ச்சியே இந்நிலையை முன்தேவையாகக் கொண்டது என்றும் அவர் தொடர்ந்து கூறுகிறார். அதாவது இது எவரோ ஏமாற்றிவிட்டதால் எழுந்த சந்தேகம் அன்று. சான்று கேட்கும் அறிவுமுறை பழகியதால் வந்த இணங்காமை. மேலும், இழந்த கதையாடலுக்காக ஏங்குவதைக்கூடப் பெரும்பாலோர் விட்டுவிட்டனர் என்று நூலின் பிற்பகுதியில் குறிப்பிடுகிறார். இவ்விடம் முக்கியமானது. நம்பிக்கையின்மை என்று பெயர்க்கும்போது தமிழ் வாசகர் மனத்தில் தோன்றும் சோர்வையும் ஏக்கத்தையும் மூலநூலே மறுத்துவிடுகிறது.

1990களில் தமிழ்ச் சூழலில் பின்நவீனத்துவம் விவாதிக்கப்பட்டபோது, அது எதிலும் நம்பிக்கையற்ற, செயலின்மைக்கு இட்டுச்செல்லும் போக்கு என்னும் குற்றச்சாட்டு வலுவாக எழுந்தது. அக்குற்றச்சாட்டுக்குக் கொள்கை சார்ந்த காரணங்கள் இருந்தன. அவற்றை ஒரு சொல்லின் மேல் ஏற்றிவிட முடியாது. ஆயினும் அவநம்பிக்கை என்னும் சொல் வரையறைக்குள்ளேயே அமர்ந்திருந்தது அக்குற்றச்சாட்டை எளிதாக்கியிருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ‘பெருங்கதையாடல்களை நம்பமாட்டாமை’ என்று முன்வரைவைத் திருத்தினேன். கதை சொன்னவர் மேலா, எதிர்காலத்தின் மேலா என்னும் வினாக்களுக்கு இவ்வடிவில் இடமில்லை.

தீர்ப்பாயத்தில் நம்பாமை

திறனாய்வில் இப்பிழை ஒரு வரியைக் கெடுக்கும். வேறோரிடத்தில் அதன் விளைவு பெரிது. பிரித்தானியப் புகலிட நடைமுறையை ஆராய்வோர் ‘கல்ச்சர் ஆஃப் டிஸ்பிலீஃப்’ என்னும் தொடரை நெடுங்காலமாக வழங்கி வருகின்றனர். புகலிடம் கேட்பவர் கூறுவதைப் பொய்யெனக் கொண்டே விசாரணையைத் தொடங்கும் மனப்போக்கு என்பது அதன் பொருள். இத்தொடருக்கும் தமிழருக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

‘கே.வி. (இலங்கை)’ என்று பெயர் மறைத்து வழங்கப்படும் வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2019 மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. இலங்கைத் தமிழர் ஒருவர், தம் முதுகிலும் கையிலும் உள்ள சூட்டுத் தழும்புகள் அரசப் படையினரின் சித்திரவதையால் நேர்ந்தவை என்றார். மேல்நிலைத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. அவரது இசைவோடு வேறொருவர் இட்ட சூடாக இருக்கலாம் என்னும் பக்கம் அது சாய்ந்தது. சித்திரவதைத் தடயங்களை ஆவணப்படுத்துவதற்கான இஸ்தான்புல் நெறிமுறை, ஒரு தழும்பு கூறப்படும் காரணத்தோடு எந்த அளவு பொருந்துகிறது என்பதை ஐந்து படிநிலைகளில் மருத்துவர் மதிப்பிட வழிசெய்கிறது. அவ்வாறு மதிப்பிடுவது மருத்துவரின் எல்லைக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் கூறி, மேல்முறையீட்டை ஏற்று, வழக்கை மறு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது.

இவ்வகை விசாரணைகளில் ‘கிரெடிபிலிட்டி’ என்னும் சொல் திரும்பத் திரும்ப வரும். அது கூற்றின் நம்பத்தக்க தன்மையையும் கூறுபவரின் நம்பகத்தன்மையையும் ஒருங்கே சுட்டவல்லது. ஆங்கில முடிவுக் கடிதத்தைத் தமிழில் எடுத்துரைக்கும் மொழிபெயர்ப்பாளர் ‘உங்கள்மீது நம்பிக்கை இல்லை என்கிறார்கள்’ என்று சொன்னால், கேட்பவர் தாம் பொய்யர் எனத் தீர்ப்பிடப்பட்டதாகவே கொள்வார். ‘நீங்கள் கூறிய இந்த நிகழ்ச்சியை அவர்கள் மெய்யென ஏற்கவில்லை’ என்று சொன்னால், எந்த நிகழ்ச்சி, எந்தச் சான்று குறைவு என்று அவர் திருப்பிக் கேட்க இயலும். மேல்முறையீடு செய்வதற்கு அவருக்கு வேண்டியது இரண்டாவது வாக்கியம்.